ஆறு மணிப் புகை

அதுல உக்காராதீங்க மேடம். அது உக்கார்ற நாற்காலி இல்ல, போட்டோவுக்குப் போட்டு வச்சிருக்கிற நாற்காலி. போன மாசம் ஒரு பெரியவரு நம்பி உக்காந்தாரு, பின்னங்கால் ரெண்டும் அவரோட சேந்து கீழ போச்சு. இந்தாங்க, இந்த ஸ்டூல்ல உக்காருங்க. இது நெசமான ஸ்டூல். இந்தக் கப்பல்ல எது நெசம், எது வேஷம்னு பிரிச்சுப் பாக்கவே எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. நீங்க விசாரணைக்கு வந்து ரெண்டு நாள்தான ஆகுது.

அந்தக் காகிதமா? படிச்சேன், படிச்சேன். மேனேஜர் நேத்தே கையில குடுத்துட்டாரு. கையெழுத்து மட்டும் போடுப்பா, மிச்சத்த நாங்களே எழுதிட்டோம்னு சொன்னாரு. ரொம்ப நல்ல மனசு. சனிக்கிழமை சாயங்காலம் சலவை ரூம்ல தீப்பிடிச்சதுக்குக் காரணம் அங்க வேல பாத்த அம்மா, இஸ்திரிப் பெட்டிய அணைக்காம விட்டுட்டாங்க, தீயப் பாத்தப்புறமும் அலாரம் பட்டன அமுக்கல, பதறிப்போய் நின்னுட்டாங்க. அவ்வளவுதான், நாலே வரி. நான் அத மேல இருந்து பாத்த சாட்சியாம்.

அந்தம்மா என் அண்ணி மேடம். ஆமா, கூடப்பொறந்த அண்ணனோட சம்சாரம். அண்ணன் தவறினப்புறம் நாந்தான் மேனேஜர் கைய காலப் பிடிச்சு இந்த வேலையில சேத்துவிட்டேன். இப்ப ரெண்டு கையிலயும் முழங்கை வரைக்கும் கட்டு. தொண்டை புகையில வெந்துபோய்ப் பேச்சு வரல. பேசவும் முடியாது, எழுதவும் முடியாது. பழியத் தூக்கிப் போட இதவிட வசதியான ஆளு யாருக்குக் கெடைக்கும், நீங்களே சொல்லுங்க.

கையெழுத்தா? அத அப்புறம் பாக்கலாம். மொதல்ல எந்திரிங்க, நடந்துக்கிட்டே பேசலாம். நீங்க பேப்பர்ல பாத்த கப்பல் வேற, நான் பாத்த கப்பல் வேற. குனிஞ்சு வாங்க, தலை இடிக்கும். பழைய கப்பல்ல கதவு இப்படித்தான் குட்டையா இருந்துச்சாம், அதனால இதுலயும் அப்படியே வச்சிருக்காங்க. தெனம் நாலு பேரு இடிச்சுக்குவாங்க. இடிச்சுக்கிட்டுச் சிரிப்பாங்க வேற.

என் வேலையா? சம்பளச் சீட்டுல காட்சி உதவியாளர்னு போட்டிருக்கும். கப்பல்ல எல்லாரும் புகைக்காரன்னுதான் கூப்பிடுவாங்க. நூறு வருஷத்துக்கு முன்னாடி இந்தத் தண்ணியில ஓடின ஒரு நீராவிக் கப்பல் இருந்துச்சு பாருங்க, அத ஒடச்சு எடைக்குப் போட்டுட்டாங்க. மிஞ்சினது ஒரே ஒரு போட்டோ. அந்தப் போட்டோவப் பாத்து இதக் கட்டினாங்க. சாயங்காலம் அஞ்சரைக்குக் கெளம்பும், ராத்திரி பூரா ஆமை மாதிரி நகரும், காலையில ஒம்பது மணிக்குக் கெளம்பின எடத்துலயே கொண்டாந்து எறக்கிவிடும். ஓடுறது என்னமோ டீசல்ல. ஆனா போட்டோவுல புகைபோக்கியிலருந்து புகை வருது. டீசல் கப்பல்ல அந்தப் புகைக்கு எங்க போறது? அதுக்குத்தான் நான். உள்ள ஒரு மிஷின் இருக்கு, எண்ணெ மாதிரி ஒரு திரவத்த ஊத்தி சூடாக்கினா வெள்ளவெளேர்னு புகை வரும். வாசனை வேற போட்டிருப்பாங்க, பூ வாசனை. பூ வாசனையோட ஒரு நீராவிக் கப்பல். கண்றாவி.

புகை விடாத நேரத்துல நான் கொதிகலன் ரூம்ல நிக்கணும். இதான் அது, பாருங்க. உள்ள எரியிறது செவப்பு பல்பு. பின்னாடி ஒரு ஃபேனு, அதுக்கு முன்னாடி துணியக் கட்டிவிட்டா நெருப்பு மாதிரி ஆடும். இந்தக் கரியெல்லாம் பஞ்சடைச்ச ரப்பர், தூக்கிப் பாருங்க. ஏன்னா ஒரு தடவ நெசக் கரி வச்சாங்க, ஒரு அம்மாவோட வெள்ளக் கவுன்ல பட்டுருச்சு, பெரிய ரகளை. அதனால கரி அழுக்காகாத கரி ஆயிடுச்சு. ஆனா என் மூஞ்சி மட்டும் அழுக்கா இருக்கணும். மேக்கப் போடுற பொண்ணு தெனம் சாயங்காலம் உக்கார வச்சு கன்னத்துலயும் நெத்தியிலயும் கரி பூசும். வேர்வை கூட பாட்டில்லதான் வருது, தெளிச்சுவிடுவாங்க. நான் இந்த ரப்பர் கரிய மூச்சு வாங்க வாங்க அள்ளிப் போடணும். பயணிங்க வரிசையா வந்து என் தோள்ல கை போட்டு போட்டோ எடுத்துக்குவாங்க. எடுத்து முடிச்சதும் கையத் தொடச்சுக்குவாங்க. என் கண்ணு முன்னாடியே.

இருங்க, இதவிட ஒரு கூத்து கீழ இருக்கு. படி செங்குத்தா இருக்கும், கம்பியப் பிடிச்சுக்கோங்க. இது கீழ்த்தளம். அந்தக் காலத்துல மேல பணக்காரங்க போவாங்க, கீழ சரக்கோட சரக்கா ஏழைங்கள அடைச்சுக் கொண்டு போவாங்க, பொழப்புக்குப் போறவங்க. எத்தன பேரு காய்ச்சல்ல கெடந்து செத்தாங்களோ, அதெல்லாம் விளம்பரத்துல வராது. ஆனா ஏழு மணிக்கு ஏழை நேரம்னு ஒண்ணு வச்சிருக்காங்க. நான் வச்ச பேரு இல்ல மேடம், நிகழ்ச்சிச் சீட்டுலயே பொன் எழுத்துல போட்டிருக்கும். மேல மூக்கு முட்டத் திங்கப் போறவங்க, அதுக்கு முன்னாடி நாப்பது நிமிஷம் கீழ வந்து கோணி போத்திக்கிட்டு உக்காந்து, தகரத் தட்டுல தண்ணியா ஒரு சூப்பு, ஒரு காஞ்ச ரொட்டி தின்னுட்டுப் போவாங்க. ஒரு ஆளு சாட்டைய வச்சுக்கிட்டு அவங்கள அதட்டணும். அதட்டினா அப்படி ஒரு சந்தோஷம் அவங்களுக்கு. புருஷன் பொண்டாட்டியக் காட்டி, இவள இன்னும் நல்லா அதட்டுங்கன்னு கேட்டு வாங்குவான்.

இதுல ஒரு அம்மா, கோணி உறுத்துதுன்னு புகார் எழுதிட்டாங்க. ஏழையா இருக்கலாம், ஆனா உறுத்தக் கூடாது. உடனே மேனேஜர் கோணிக்கு உள்பக்கம் மெத்துன்னு துணி வச்சுத் தைக்கச் சொல்லிட்டாரு. தெனம் தொவைக்கணும், சுருக்கம் இல்லாம இஸ்திரி போடணும். யாரு போடுறது? எங்க அண்ணிதான். கோணிச் சாக்கை இஸ்திரி போடுற கூத்த எங்கயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா நீங்க? எங்க அண்ணி ரொம்பப் பேசமாட்டாங்க. ஒரு நாள் நான் போய் நின்னப்ப, ஒரு சாக்கைத் தூக்கிக் காட்டி, இதுக்கும் கஞ்சி போடணுமான்னு மேனேஜர்கிட்ட கேட்டுச் சொல்லு தம்பின்னாங்க. அன்னிக்கு ரெண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிச்சோம். அவ்வளவுதான் நாங்க இந்தக் கப்பல்ல சிரிச்சது.

சிரிக்காதீங்க, பரவால்ல, சிரிங்க. சிரிக்காம என்ன பண்றது.

இதான் சலவை ரூம். உள்ள காலு வைக்காதீங்க, தரை இன்னும் வழுக்கும். இந்த நாத்தம் போக மாட்டேங்குது. நான் மூணு நாளா குளிச்சுப் பாக்குறேன், மூக்குக்குள்ளயே உக்காந்திருக்கு. பாத்தீங்களா, எவ்வளவு பெருசு இந்த ரூமு? நாலு எட்டு வச்சா முடிஞ்சுது. எழுவது பயணி, ஆளுக்கு மூணு வேஷம். ஏறும்போது ஒண்ணு, ஏழை நேரத்துக்கு ஒண்ணு, சாப்பாட்டுக்கு ஒண்ணு. லேசு வச்ச தொப்பி, கழுத்துல மடிப்பு மடிப்பா வர்ற சட்டை. அத்தனையும் இந்த ஒரு மேசையில, அந்த ஒரு அம்மா.

இப்ப மேல பாருங்க. இந்தத் துணி காயவைக்கிற மிஷின்லருந்து ஒரு குழாய் போகுதா? அது நேரா எங்க போகுதுன்னு நெனைக்கிறீங்க? என் புகைபோக்கிக்கு. தனியா வெளிய ஓட்டை போட்டா கப்பல் அழகு கெட்டுடுமாம், பழைய போட்டோவுல அப்படி ஓட்டை இல்லையாம். அதனால சலவை ரூமு சூடும் என் புகையும் ஒரே வழியில போகுது. என் புகை எண்ணெப் புகை, குழாயெல்லாம் பிசுபிசுன்னு ஒட்டும். அண்ணி துணியிலருந்து வர்ற பஞ்சு அதுல போய் அப்பிக்கும். ஆறு மாசமா அண்ணி சொல்லிக்கிட்டே இருந்தாங்க, தம்பி, இந்த மிஷினுக்கு மூச்சு முட்டுது, தொட்டா கை பொசுங்குதுன்னு. நான் மேனேஜர்கிட்ட சொன்னேன். ஒரு தடவ இல்ல, மூணு தடவ. சீசன் முடியட்டும்னாரு. இங்க சீசன் எப்ப முடிஞ்சிருக்கு? காதுலயே போட்டுக்கல.

ஆமா, இதையும் எழுதிக்கோங்க. இஸ்திரிப் பெட்டி இல்ல, அந்தக் குழாய்தான். அந்தப் பெட்டி அங்கயே கெடக்கு பாருங்க, ஒயரைப் புடுங்கி மேல சுத்தி வச்சிருக்கு. அண்ணி எப்பவும் அப்படித்தான் சுத்தி வைப்பாங்க. வெந்துபோன ஒயரும் சுத்தினது சுத்தினபடி இருக்கு.

சனிக்கிழமையா? சொல்றேன்.

அதுக்கு முன்னாடி ஒரு மாசத்துக்கதை. பயணிங்க எழுதுறாங்கல்ல, ஃபோன்ல, நல்லா இருந்துச்சு, நல்லா இல்லன்னு. ஒருத்தன் புகை வெள்ளையா இருக்கு, பழைய போட்டோவுல கறுப்பா இருக்கு, ஏமாத்து வேலைன்னு எழுதிட்டான். ரப்பர் கரி தெரியல அவனுக்கு, பல்பு நெருப்பு தெரியல, புகைதான் ஏமாத்தாத் தெரிஞ்சுது. அதுக்கப்புறம் ஆளாளுக்கு அதையே எழுத ஆரம்பிச்சிட்டாங்க. மேனேஜர் தெனமும் என்னக் கூப்பிட்டு நிக்க வச்சு, உன்னாலதான் கப்பல் பேரு கெடுதுன்னு வாங்கு வாங்குன்னு வாங்குவாரு. எல்லார் முன்னாடியும். கன்னத்துல கை வச்சு உக்காந்தா கப்பல் கவுந்துடுச்சான்னு கேப்பாங்க, நான் கப்பல்லயே அப்படித்தான் உக்காந்திருந்தேன். வெள்ளிக்கிழமை எங்கிருந்தோ ஒரு கறுப்புத் திரவத்த டப்பாவுல கொண்டாந்து, நாளைக்கு இத ஊத்து, கறுப்பா வரலன்னா நீ வீட்டுக்குப் போயிடலாம்னுட்டாரு.

அலாரமா? அது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தான் மேடம், யாரும் மறைக்கல. புகை விட்டா புகைபோக்கியச் சுத்தி இருக்கிற அலாரமெல்லாம் கத்தும். மொத வாரத்துலயே கத்தி, ஆளுங்க தண்ணியில குதிக்கப் பாத்தாங்க. அதனால ஒரு ஏற்பாடு. நான் புகை விடுறதுக்கு முன்னாடி கன்ட்ரோல் ரூமுக்கு ஃபோன் பண்ணி, புகை விடுறேன்னு சொல்லணும். அவங்க எங்க பக்கத்து அலாரம் லைன பதினஞ்சு நிமிஷத்துக்கு அணைச்சு வைப்பாங்க. பதினஞ்சு நிமிஷம் ஆனா அதுவா உசுர் வந்துடும். சலவை ரூமும் அதே லைன்தான். சொவத்துல இருக்கு பாருங்க செவப்பு பட்டன், அதுவும் அந்த லைன்தான். லைன் செத்திருந்தா நீங்க எத்தன தடவ அமுக்கினாலும் சத்தமும் வராது, கணக்குலயும் ஏறாது.

சனிக்கிழமை ஆறு மணி. கப்பல் திரும்புற எடம், பின்னாடி சூரியன் எறங்குது, போட்டோவுக்குன்னே செஞ்சு வச்ச நேரம். எழுவது பேரும் மேல்தளத்துல கையில கேமராவோட. நான் அவங்களுக்கும் மேல, புகைபோக்கி பக்கத்துல நின்னு ஃபோன் பண்ணேன், லைன அணைச்சாங்க. கறுப்பு எண்ணெய ஊத்தி பட்டன அமுக்கினேன். புகை வரல. மறுபடி அமுக்கினேன், வரல. கீழ இருந்து ஒருத்தன் கைதட்டிக் கூப்பிடுறான், என்னய்யா புகை எங்கன்னு. வேஷக் கேப்டன் தாடிய நீவிக்கிட்டு சும்மா ஏதோ கதை சொல்லிச் சமாளிக்கிறாரு. ஆமா, இங்க கேப்டன் ரெண்டு பேரு. ஒருத்தர் தாடி, வாயில புகை பிடிக்கிற பைப்பு, தங்கப் பொத்தான், அவரு நாடகத்துல நடிச்சவரு. கப்பல ஓட்டுறவரு அரை டிராயரோட உள்ள உக்காந்திருப்பாரு, வெளிய தலை காட்டக் கூடாது. தீன்னு தெரிஞ்சப்புறம் எல்லாரும் தாடிக்காரரப் பிடிச்சு உலுக்கி, என்ன பண்ணணும் சொல்லுங்கன்னு கேக்குறாங்க. அவரு அடுத்த வசனம் என்னன்னு தெரியாம நிக்கிறாரு பாவம்.

எங்க விட்டேன்? ஆங், புகை. ஒரு ஆறு பத்து இருக்கும். புகைபோக்கியிலருந்து வருது. கறுப்பா. அப்படி ஒரு கறுப்பு, அடர்த்தியா, சுருண்டு சுருண்டு. அப்படியே அந்தப் பழைய போட்டோ மாதிரி. மேல்தளம் பூரா கைதட்டுது. விசில் அடிக்கிறாங்க. ஒரு அம்மா அழுவுறாங்க, என் தாத்தா இப்படித்தான் பாத்திருப்பாருன்னு. மேனேஜர் வாக்கிடாக்கியில வந்து, பிரமாதம்யா, கலக்கிட்டன்னாரு. ரெண்டு வருஷத்துல அந்தாளு வாயிலருந்து எனக்கு வந்த மொத நல்ல வார்த்தை. நான் என்ன பண்ணேன் தெரியுமா, தொப்பியக் கழட்டி, எழுவது பேரையும் பாத்துக் குனிஞ்சு கும்பிட்டேன்.

கீழ எங்க அண்ணி வெந்துக்கிட்டு இருந்தாங்க.

இல்ல, தண்ணி வேண்டாம். பரவால்ல.

இருபத்தஞ்சுக்குத்தான் லைன் உசுர் வந்து அலாரம் கத்துச்சு. அதுவரைக்கும் கைதட்டல்தான். அப்பக் கூட பாதிப் பேரு இதுவும் நிகழ்ச்சின்னு நெனச்சு போட்டோ எடுத்துக்கிட்டே இருந்தாங்க. ஓட ஆரம்பிச்சப்புறம் சொவத்துல தொங்குற மரப் படகுங்களப் போய்ப் புடிச்சு இழுக்குறாங்க. அது ஆணியடிச்சு வச்ச படகு, அசையாது. நெசப் படகெல்லாம் அவங்க உக்காந்திருந்த பெஞ்சுக்குள்ள இருக்கு. வாசப்பக்கம் தீ, எங்க அண்ணியால வெளிய வர முடியல, சமையக்காரர்தான் ஈரச் சாக்கப் போத்தித் தூக்கிட்டு வந்தாரு. அந்தக் கோணிச் சாக்குதான். நான் அப்பவும் மேலயேதான் நின்னுக்கிட்டிருந்தேன். மறுநாள் ஒருத்தன் என்ன எழுதியிருக்கான் தெரியுமா? புகை அருமை, ஆனா ராத்திரிச் சாப்பாடு போடாமத் திருப்பிக் கூட்டிட்டு வந்துட்டாங்க, ஏமாற்றம்னு. இவங்கல்லாம் சோத்தத்தான் திங்கிறாங்களா மேடம்?

தெரியும். நீங்க அதத்தான் கேப்பீங்கன்னு தெரியும். கன்ட்ரோல் ரூம் நோட்டுல ஆறு பதினஞ்சுக்கு அலாரம் திரும்ப உசுர் வந்துடுச்சுன்னு எழுதியிருக்கு. அப்ப பதினஞ்சுலருந்து இருபத்தஞ்சு வரைக்கும் பட்டன் வேல செஞ்சிருக்கணும், அந்தம்மா அமுக்கியிருந்தா அடிச்சிருக்கணும், அடிக்கல, அதனால அமுக்கல. அலாரம் தானா ஏன் அடிக்கலன்னு கேட்டா, புகையெல்லாம் குழாய் வழியா மேல போயிடுச்சாம், அலாரத்துக்கு எட்டவே இருபத்தஞ்சு ஆச்சாம். கணக்கு சரியாத்தான் வருது. அந்த ஒரு கணக்க வச்சுத்தான அண்ணி தலையில கட்டப் பாக்குறாங்க.

நீங்க ஆஸ்பத்திரியில அண்ணியப் பாத்தீங்கல்ல? கட்டுக்கு வெளிய கட்டை வெரலு மட்டும் தெரியும். அது இப்படி, இப்படின்னு அசைஞ்சுக்கிட்டே இருக்கு, கவனிச்சீங்களா? நர்ஸு நரம்பு இழுக்குதுன்னு சொல்றாங்க. நரம்பு இல்ல மேடம். நான் உள்ள போனாத்தான் அது அதிகமாகுது. என்னையே பாத்துக்கிட்டு, போர்வைய அமுக்கி அமுக்கிக் காட்டுறாங்க. நான் அமுக்கினேன் தம்பி, அமுக்கினேன், அமுக்கினேன், ஏன் யாரும் வரலன்னு. மூணு நாளா அந்தக் கட்டில் பக்கத்துல உக்காந்து ஆமா அண்ணி, ஆமா அண்ணின்னு தலையாட்டிட்டு வர்றேன். நாக்கப் புடுங்கிக்கலாம் போல இருக்கு.

அந்த நோட்டு பொய். பதினஞ்சுக்கு உசுர் வரல. ஆறு பதினாலுக்குக் கன்ட்ரோல் ரூமுக்கு ரெண்டாவது ஃபோன் போச்சு. இன்னும் பத்து நிமிஷம் அணைச்சே வைங்க, ஜனம் ரொம்ப ரசிக்குதுன்னு. அத நோட்டுல ஏத்தல, ஏத்தினா அவங்களும் மாட்டுவாங்க, மேனேஜரும் மாட்டுவாரு. என்கிட்ட, அந்த ஃபோன மறந்துடு, உனக்கும் நல்லது எங்களுக்கும் நல்லதுன்னு சொல்லித்தான் இந்தக் காகிதத்தக் குடுத்தாரு. ஆமா மேடம். அந்த ஃபோனப் பண்ணது நாந்தான்.

இல்ல, அந்தக் கறுப்பு எண்ணெ வேல செஞ்சிடுச்சுன்னு நெனச்சு ஏமாந்துட்டேன்னு எழுதாதீங்க. மேனேஜரும் அப்படித்தான் சொல்லச் சொன்னாரு. அது இன்னும் சுளுவாப் போயிடும் எனக்கு. துணி கருகுற நாத்தம் அப்பவே வந்துச்சு. சமையல் ரூம்ல ஏதோ கருகியிருக்கும்னு நெனச்சுக்கிட்டேன். நெனச்சுக்கிட்டேன்னா, அப்படி நெனைக்கணும்னு நெனச்சேன். கை தட்டுறாங்களே.

அந்த ரெண்டாவது ஃபோன எடுக்குறதுக்கு முன்னாடி என் புகை மிஷின் மேல கைய வச்சுப் பாத்தேன் மேடம். சில்லுன்னு இருந்துச்சு.